கட்டியவர் கைதான் அவிழ்க்க வேண்டும்

ஒன்பதாம் வகுப்புக்கு மூட்டுகள் பாடம் நடத்துவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நினைப்பு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கிய கிராமம் எங்களுடையது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே அறிவியல் டீச்சராகச் சேர்ந்து முதல் வருடம். எனக்கு வயது இருபத்தாறு, என் வாய்க்கு ஐம்பது என்று அம்மா சொல்வாள்.

வகுப்பறைக் கதவைத் திறந்து மூடிக் காட்டி, "இதுதான் கீல் மூட்டு. ஒரு பக்கம்தான் போகும், வரும். முழங்கையும் முழங்காலும் இப்படித்தான்" என்பேன். ஆட்டுக்கல் குழவியைக் குழியில் சுற்றுவது போலக் கையைச் சுற்றி, "தோள், பந்துக் கிண்ண மூட்டு. எந்தப் பக்கமும் சுழலும்" என்பேன். "வீட்டுப் பாடம் எழுதினாயா?" என்று ஒருவனைக் கேட்பேன். அவன் இல்லையென்று தலையை இடமும் வலமும் ஆட்டுவான். "அதுதான் முளை மூட்டு, கழுத்தில் இருக்கிறது. உட்கார்" என்பேன். அசையா மூட்டுகள் மண்டையோட்டில் இருக்கின்றன, சிலருக்கு மண்டைக்கு உள்ளேயும் இருக்கும் என்று நான் சொன்னால் பிள்ளைகள் ஒருமிக்கத் தலைமையாசிரியர் அறைப் பக்கம் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிடும்.

இப்படி ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தவள்தான் ஏரிக்கரையில் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போய் விழுந்தேன். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன் என் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தான். "வுட்டுடாதடா, வுட்டுடாதடா" என்று நான் கத்திக்கொண்டே போனேன். அவன் எப்போதோ விட்டுவிட்டிருந்தான். கரையிலிருந்து நான் உருள, வலது முழங்கை ஒரு கல்லில் மோத, சைக்கிள் என்மேல் கிடந்தது. தம்பி ஓடி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கினான். அதை நான் இன்று வரை மன்னிக்கவில்லை.

கை வீங்கிவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. "மாவுக்கட்டு போட்டா கை சூம்பிப் போயிடும். மலையில கட்டு கட்டறவரு கீறாரு. ஒங்கப்பனுக்குக் கால் முறிஞ்சப்ப அவங்கப்பாதான் கட்டுனாரு" என்று மறுநாள் காலை பஸ்ஸில் என்னை ஏற்றித் தானும் ஏறினாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு சிற்றூரில் இறங்கினோம்.

கட்டு கட்டுகிறவர் கிழவர் ஒன்றும் இல்லை. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. என் முழங்கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "கீலு வெலகல. எலும்புல ஒரு கீத்து வுட்டிருக்கு, அவ்ளோதான்" என்றார். கையை மடித்து நெஞ்சோடு வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பைகளை வரிசையாக வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

"நாப்பதாம் நாளு வாங்க. நான்தான் அவுப்பேன். அதுக்குள்ள யாரும் தொடக்கூடாது. கட்டுன கைதான் அவுக்கணும். அது எங்க வழக்கம்" என்றார்.

"வர முடியலன்னா?" என்று கேட்டேன். சும்மா வம்புக்குத்தான் கேட்டேன்.

"நீங்க வரலன்னா நான் வரணும். கட்டுன கடன் என்னுது" என்று சிரித்தார்.

முப்பத்து மூன்றாவது நாள் சாலை மறியல் ஆரம்பித்தது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் சாலைக்கு வந்துவிட்டன. மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ்கள் நின்றன. தம்பி வீட்டுக்கு வருவது சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் என்று ஆனது. "ரெண்டு வருசமா மனு போட்டுக்கினே கீறன். நமக்குன்னு ஒரு பங்கு வேணாமா?" என்று அவன் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நாற்பதாம் நாள் விடியற்காலையில், மலைக்குப் போகிற வழியில் மதகடியில் நின்ற புளியமரத்தை நம் கூட்டம்தான் சாய்த்தது, கடைசி வரை வெட்டினது நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சொன்னான்.

"மொளகாச் செடி புடுங்கச் சொன்னா இடுப்பு வலிக்குதும்ப. மரம் வெட்டனியா நீ?" என்றாள் அம்மா.

அன்று பகலில் போலீஸ் வேன்கள் வந்தன. பசங்கள் எல்லோரும் கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிட்டார்கள். தம்பி பல நாட்கள் அங்கேயே இருந்தான். நானும் அம்மாவும் சோற்றைத் தூக்குப் போணியில் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு வருவோம்.

இந்தக் கலவரத்தில் என் நாற்பதாம் நாள் போயே போய்விட்டது. மறியல் முடிந்தும் மலைக்குப் பஸ் வரவில்லை. நாற்பத்தைந்தானது, ஐம்பதானது. சந்தைக்கு இறங்கி வந்த ஒருவரிடம் அம்மா விசாரித்தாள். "ஆளு வூட்ல இல்லீங்க. கீழ போனவரு இன்னும் வரல" என்றார் அவர். "வெளியூரு வைத்தியம் பாக்கப் போயிட்டாரு போல. வந்துருவாரு, பொறு" என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் பொறுத்தேன்.

இங்கேதான் என் மானம் போகிறது. மூட்டு என்பது அசைவதற்காக இருப்பது, அசையாமல் வைத்தால் இறுகிப்போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த முடிச்சைத் தொட என் இடது கைக்குத் தைரியம் வரவில்லை. கட்டியவர் அல்லாமல் வேறு யாரும் அவிழ்த்தால் எலும்பு கோணிக்கொள்ளும் என்று ஊரே சொன்னது. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து முடிச்சு நழுவாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

எழுபதாம் நாள், மூட்டுகள் பாடத்தைத் திருப்புதலுக்காக மறுபடி நடத்தினேன். இடது கையால் கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், எங்க வூட்டுப் பின்கதவ ரெண்டு மாசம் தெறக்காம வெச்சிருந்தோம். கீலு துரு புடிச்சி, தெறக்கவே வரல. ஒங்க கை கூட அந்த மாதிரி ஆயிடாதா?" என்றாள்.

அடுத்த நாள் கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ் ஏறினேன்.

டாக்டர் கத்தரிக்கோலை எடுத்தபோது வாசலில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பைகள் விழுந்தன. எலும்பு அழகாகக் கூடியிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையை நீட்டப் பார்த்தேன். நீளவில்லை. மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. கட்டி வைத்த அதே கோணத்தில், யாரிடமோ ஏதோ வாங்கப் போகிறவள் மாதிரி கை நின்றது.

"எத்தினி நாளு கட்டியிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"எழுபத்தோரு நாளு."

"மூணு வாரத்துல அசைக்க ஆரம்பிச்சிருக்கணும். நீங்க இன்னா வேல பாக்கறீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு, "அறிவியல் டீச்சர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது அவர் பெருந்தன்மை. தினமும் மடக்கி நீட்டுங்கள், யாரையும் முரட்டுத்தனமாகப் பிடித்து இழுக்க விடாதீர்கள், வந்தால் வரும், வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வராமலும் போகலாம் என்ற அந்த வார்த்தை என்னை ஆட்டிவிட்டது. வலது கையால் சோறு எடுத்தால் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வராது. அப்போதுதான் மற்ற மூட்டுகளின் குணம் எனக்குத் தெரிந்தது. முழங்கை முரண்டு பிடித்ததும் தோள் தானாக மேலே எழும்பி உதவப் பார்க்கும். மணிக்கட்டு, அந்தச் சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, தன்னால் முடிந்த மட்டும் உள்ளே வளையும். கட்டைவிரல் அடியில் சைக்கிள் சீட்டில் ஆள் உட்கார்ந்த மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது, சேண மூட்டு. அது சோற்றை விடாமல் முன்னால் தள்ளும். கடைசியில் கழுத்து குனிந்து எதிர்கொண்டு வரும். ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் எல்லோரும் அவர் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரிதான். இத்தனை பேர் கூடியும் சோறு மடியில்தான் விழும்.

இடது கையால் சாப்பிட அம்மா விடமாட்டாள். தானே பிசைந்து ஊட்டினாள். "இருபத்தாறு வயசுப் பொண்ணுக்குச் சோறு ஊட்டிக்கினு கீறன். இத எவன் வந்து கட்டிக்குவான்?" என்று சொல்லிக்கொண்டே ஊட்டுவாள். நான் சிரிப்பேன். பிறகு பின்கட்டுக்குப் போய் அழுவேன். இந்தக் கை இனிமேல் என் வாய்க்கு வராது, எந்த வீட்டு விருந்திலும் நான் இலையில் உட்கார முடியாது என்றே நினைத்தேன். கல்யாணத்தைப் பற்றிக்கூட நான் அவ்வளவு கவலைப்படவில்லை. சோற்றைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

மருந்து வாசலிலேயே இருந்தது. எங்கள் தெருமுனையில் ஓர் அடிபம்பு. ஒரு நாள் காலையில் நின்றுகொண்டு, பெண்கள் அதை அடிப்பதைப் பார்த்தேன். கைப்பிடி மேலே போனால் முழங்கை மடங்குகிறது. கீழே வந்தால் நீளுகிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். முதல் அடிக்கே கண்ணில் தண்ணீர் வந்தது, பம்பில் வரவில்லை.

முதல் வாரம் அரைக் குடம் அடித்தேன். பிறகு எங்கள் வீட்டுக் குடங்கள் எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். எங்கள் வீட்டுக்கு அவ்வளவு தண்ணீர் தேவைப்படவில்லை. ஆகையால் அடுத்த குடத்தையும் நான்தான் அடிப்பேன் என்றேன். முதலில் பெண்கள் கூச்சப்பட்டார்கள். "டீச்சரு அடிச்சி நாங்க மொண்டுக்கினு போறதா? பாவம் சேரும்" என்றார்கள். நான்கு நாளில் அந்தப் பாவத்துக்குப் பழகிவிட்டார்கள். அப்புறம், "டீச்சரம்மா, எங்க கொடத்துலயும் கொஞ்சம் வைத்தியம் பாருங்க" என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி மாட்டுத் தொட்டிக்குக்கூடத் தண்ணீர் கேட்டாள். "இன்னா டீச்சர், இன்னிக்குக் கை நல்லா வலிக்குதா?" என்று அக்கறையாகக் கேட்பாள். வலித்தால் அவளுக்கு இன்னும் இரண்டு குடம் லாபம்.

கணக்கு வாத்தியார் கரும்பலகைக் கோணமானியைக் கொண்டுவந்து சனிக்கிழமைதோறும் என் முழங்கையை அளந்தார். தொண்ணூறில் நின்ற கை எண்பதானது. எழுபதில் மூன்று வாரம் அடம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் நான் யாரோடும் நல்லபடியாகப் பேசவில்லை. எட்டாம் வகுப்பு முழுவதையும் ஒரு நாள் நிற்க வைத்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு ஒருநாள் அறுபது என்றார். ஐம்பதுக்கு வந்தால் வாய் எட்டும் என்று அவர் காகிதத்தில் படம் போட்டுக் கணித்திருந்தார்.

பொங்கலன்று அம்மா இலையைப் போட்டுவிட்டு ஊட்ட உட்கார்ந்தாள். "இரு" என்றேன். சர்க்கரைப் பொங்கலில் கொஞ்சம் எடுத்தேன். கழுத்தைக் குனியக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். கை ஏறியது. நடுவில் ஒரு இடத்தில் சுருக்கென்று இழுத்தது. தூக்கினேன். நெய்யும் வெல்லமும் உதட்டில் பட்டன. அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. நான் மூன்று தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

கை வந்ததும் வாயும் வந்துவிட்டது. கட்டிவிட்டுக் காணாமல் போன அந்த மனிதரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். அதற்குள் கேஸெல்லாம் ஆறிப்போய்த் தம்பியும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். தனியாக அனுப்பமாட்டேன் என்று அம்மா அவனையும் கூட அனுப்பினாள். சண்டை போடப் போகிறவள் கையில் புது வெல்லம் கொடுத்தனுப்பியதும் அவள்தான். "வெறுங்கையோடவா போவாங்க?" என்றாள்.

அவர் வீட்டு வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழைய சிரிப்பு. ஆள் இன்னும் இளைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"எலும்பு நல்லாக் கூடியிருக்கு. ஆனா கீல ஜாஸ்தி நாளு கட்டிலயே வுட்டுட்டீங்க. யாரு அவுத்தது?" என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். "யாரு அவுத்ததா? கட்டுன கைதான் அவுக்கணும்னு சொன்னது யாரு? எழுபது நாளு காத்துக்கினு கெடந்தன். நீங்க எந்த ஊருக்கு வைத்தியம் பாக்கப் போயிருந்தீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே மொச்சையை உரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். "அந்தக் கூத்த ஏம்மா கேக்கற. ஒன் கட்ட அவுக்கத்தான் போனாரு. பஸ்ஸு இல்லன்னு தெரிஞ்சும், நாப்பதாம் நாளு ஆயிடுச்சி, கட்டுன கடன் என்னுதுன்னு இருட்டோட கெளம்பி காட்டு வழியா நடந்தே எறங்குனாரு. வழியில முள்ளு வெட்டவும் ஒன் முடிச்ச அறுக்கவும் கொடுவாள எடுத்துக்கினு போனாரு. அதான் வெனை."

"மதகடியில ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்க கெடந்துது" என்றார் அவர். "அதத் தாண்டலாம்னு மேல ஏறி நிக்கறன், வேன் வந்துடுச்சி. கையில கொடுவா. காலடியில வெட்டுன மரம். அவங்களும் வேற இன்னாதான் நெனைப்பாங்க? இருபத்தேழு நாளு உள்ள வெச்சிருந்தாங்க. வெளிய வந்ததும் ஜொரத்துல படுத்துட்டன், ஒங்க ஊருக்கு வர முடியல."

கொண்டுபோன நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மொச்சை உரிக்க ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, தேற்றுவது போல இன்னும் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் சொல்லிப் பாத்தன். ஐயா, இந்த வெட்டப் பாருங்க. மலைக்காரன் வெட்டுனா தோள்ல இருந்து எறங்கும், ஆழமா வுழும். இது முழங்கையால கொத்துனது, எலி கடிச்ச மாதிரி கீது. இப்படி வெட்டுனவனுக்கு மறுநாளு கை தூக்க முடியாது, அந்த மாதிரி ஒருத்தனத் தேடுங்கன்னன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா வுடல."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினேன். தம்பி வெல்லப் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான். "அந்த மரத்த வெட்டுனது நான்தாண்ணே."

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து, தம்பியின் வலது கையைப் பிடித்து, முழங்கையின் வெளிப்புறம் ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இங்கதான வலிச்சிது?"

"ஆமாண்ணே."

"எத்தினி நாளு?"

"பத்து நாளு, அண்ணே."

"பாத்தியா, அப்பவே சொன்னன். ஒருத்தனும் நம்பல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "சோத்தப் போடு, நடந்து வந்த புள்ளைங்க" என்றார்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மூன்று பேருக்கும் ஒரே வரிசையில் இலை. நான் பிசைந்து எடுத்தேன். கழுத்து குனியாமல், தோள் ஏறாமல், கை நேராக வாய்க்கு வந்தது. அதைப் பார்த்து அவர் தலையை ஆட்டி மெச்சினார்.

எனக்குப் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கையில் எந்தக் கோளாறும் இல்லை. பிசைந்த சோறு விரல்களில் இருந்தது. கை மட்டும் இலையை விட்டு எழவில்லை.

"சாப்புடு தம்பி, ஆறிப்போவுது" என்றார் அவர்.